ஜெர்மனிச் சாலையில் வழி யாருக்கு? இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ பத்து வருடம் கார் ஓட்டியவரிடம் ஜெர்மனியில் எது கஷ்டமாக இருக்கும் என்று கேட்டால், வலப்பக்கம் ஓட்டுவது என்பார், இல்லையென்றால் ஆட்டோபான் என்ற அதிவேக நெடுஞ்சாலையில் 200 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பவர்கள் என்பார். இரண்டும் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். நெடுநாள் தொல்லை தருவது வேறொன்று. ஒரு முனையில் இரண்டு வண்டிகள் சந்தித்தால் யார் முதலில் போவது? நம் ஊரில் அதைக் கண் ஜாடையாலும் ஹாரனாலும், வண்டியின் மூக்கைக் கொஞ்சம் நுழைத்தும் அந்த நொடியில் தீர்த்துக்கொள்கிறோம். ஜெர்மனியில் அதற்கான பதில் சாலையோரப் பலகையில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் புகுந்தால் எதிராளி பிரேக் போட மாட்டார், ஏனென்றால் நீங்கள் நிற்பீர்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. உங்களுக்கு வழி இருக்கும்போது மரியாதைக்காக நின்றாலும் ஆபத்துதான். பின்னால் வருபவர் நீங்கள் நிற்பீர்கள் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அதனால் இங்கே வேகத்தைவிட வழி உரிமைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கிளம்பும் முன் காகிதங்கள்

சுற்றுலாவாகவோ குறுகிய வேலையாகவோ போகிறவர்கள் ஊர் லைசென்ஸின் அசல் அட்டையைக் கட்டாயம் கையில் வைத்திருக்க வேண்டும். போனில் இருக்கும் படத்தை நம்பிப் போகாதீர்கள். கூடவே இந்தியாவில் எடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கொண்டுபோங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய், ஓராண்டு செல்லும். லைசென்ஸின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஒன்றும் இருந்தால் வழியில் நிறுத்தும் போலீஸாரிடம் பேச்சு சீக்கிரம் முடியும். ஆடாக் என்ற மோட்டார் சங்கம் அந்த மொழிபெயர்ப்பைச் செய்து தருகிறது.

குடியேறுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே வசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஊர் லைசென்ஸ் 6 மாதம்தான் செல்லும். 12 மாதத்துக்கு மேல் தங்கப்போவதில்லை என்று நிரூபித்தால் நீட்டிப்பு கேட்கலாம். அதன்பின் பழைய லைசென்ஸோடு ஓட்டுவது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டும் குற்றமாகிவிடும். இந்தியாவும் இலங்கையும் தேர்வில்லாமல் மாற்றிக்கொள்ளும் நாடுகளின் பட்டியலில் இல்லை. எனவே எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டையும் எழுதித்தான் ஆக வேண்டும். கட்டாய வகுப்பு நேரங்கள் மட்டும் கிடையாது. எழுத்துத் தேர்வில் 30 கேள்விகள், 10 பிழைப் புள்ளி வரை பாஸ். ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில் இல்லை. அந்தத் தேர்வில் பலரை வீழ்த்துவதும் கீழே வரும் வழி உரிமைக் கேள்விகள்தான்.

உடம்புக்குப் பழக்கம்

ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலக்கையில். பெடல்களின் வரிசை மாறாது: கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் நம் ஊரில் போலவேதான். கியர் போடுவது அரை மணி நேரத்தில் பழகிவிடும், ஆனாலும் வாடகைக் காருக்குப் பதிவு செய்யும்போதே ஆட்டோமேட்டிக் என்று கேட்டு வாங்குங்கள். சொல்லாவிட்டால் கியர் வண்டி கையில் வரக்கூடும், முதல் நாளில் மனதுக்கு ஒரு வேலை குறைந்தாலும் லாபம். ஊரில் மாருதியோ ஹூண்டாயோ ஓட்டியவர்களுக்கு இண்டிகேட்டர் வலக்கைப் பக்கம் இருந்திருக்கும். அங்கே அது இடக்கைப் பக்கம். முதல் நாள் ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பர் ஆடும். சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் இண்டிகேட்டர் போடப்படவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

வண்டி வலப்பக்கமாக ஒதுங்குவதுதான் உண்மையான சிக்கல். ஊரில் நீங்கள் காரின் வலப்பாதியில் உட்கார்ந்திருந்தீர்கள், அதனால் லேனுக்குள் உங்கள் உடம்பு நடுவிலிருந்து வலமாக இருந்தே பழக்கம். இடப்பாதியில் உட்கார்ந்து உடம்பை அதே இடத்தில் வைத்தால் காரின் வலப்பக்கம் ஒரு சீட் அகலத்துக்கு வெளியே போய்விடும். ஓரமாக நிறுத்தியிருக்கும் கார்களின் கண்ணாடி உடைவதும் வலப்பக்கச் சக்கரம் நடைபாதைக் கல்லில் உரசிக் கிழிவதும் இப்படித்தான். இதற்கு ஒரே அளவுகோல் போதும்: ஜெர்மனியிலும் நம் ஊரிலும் ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் பக்கம்தான் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம். உங்கள் இடத்தோளுக்குப் பக்கத்தில் நடுக்கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வலப்பக்கக் கண்ணாடியில் ஓரக்கோட்டுக்கும் சக்கரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள்.

திருப்பங்களும் தலைகீழாகும். வலப்பக்கம் திரும்புவது சின்ன வளைவு, இடப்பக்கம் திரும்புவது எதிர்ச்சாரியைத் தாண்டிப் போகும் பெரிய வளைவு. ரவுண்டானாவைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும்.

தப்பான பக்கம் போய்விடுவது நெரிசலில் அநேகமாக நடக்காது, முன்னால் போகும் வண்டி வழி காட்டிவிடும். காலி சாலையில்தான் நடக்கும். பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியே வரும்போது, அதிகாலையில் வீட்டு வாசலிலிருந்து கிளம்பும்போது, ஒருவழிப் பாதையிலிருந்து இடப்பக்கம் திரும்பும்போது, களைத்துப்போய் யோசிக்காமல் ஓட்டும்போது. இந்த நான்கு தருணங்களிலும் பக்கத்து சீட்டில் இருப்பவரை வாய்விட்டு 'வலது' என்று சொல்லச் சொல்லுங்கள். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் வேலை செய்யும். இரவு விமானத்தில் வந்து இறங்கிய கையோடு வண்டியை எடுக்காதீர்கள். எடுத்தே தீர வேண்டுமென்றால் விமான நிலைய பார்க்கிங்கிலேயே கால் மணி நேரம் சுற்றிவிட்டுக் கிளம்புங்கள். நடந்து போகும்போதும் சாலையைக் கடக்க முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும்.

பலகை இல்லாத முனை

குடியிருப்புத் தெருக்களில், முக்கியமாக 30 கிலோமீட்டர் மண்டலங்களில், பெரும்பாலான முனைகளில் சிக்னலும் இருக்காது, பலகையும் இருக்காது. அங்கே 'ரெஷ்ட்ஸ் ஃபோர் லிங்க்ஸ்' என்ற விதி செல்லும். இடப்பக்கத்துக்கு முன் வலப்பக்கம். அதாவது உங்கள் வலப்பக்கத் தெருவிலிருந்து வருபவருக்குத்தான் வழி. வருவது காரானாலும் சைக்கிளானாலும் அதேதான்.

நம்மவர்களைத் திகைக்க வைப்பது டி வடிவ முனை. நீங்கள் அகலமான தெருவில் நேராகப் போகிறீர்கள், வலப்பக்கம் ஒரு சின்னத் தெரு வந்து முட்டுகிறது, பலகை எதுவும் இல்லை. அந்தச் சின்னத் தெருவிலிருந்து வருபவருக்குத்தான் வழி. தெருவின் அகலமும் வண்டியின் பருமனும் கணக்கிலேயே வராது. அவர் உங்களைத் திரும்பிப் பார்க்காமல் கூட வெளியே வருவார், அவர் பார்க்க வேண்டியது அவருடைய வலப்பக்கத்தைத்தான். ஆகவே இந்தத் தெருக்களில் ஒவ்வொரு வலப்பக்க வாய்க்கும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக் மேல் வைத்துக்கொண்டே கடக்க வேண்டும். 30 மண்டலத்தில் 30ஐத் தொட முடிவதே அபூர்வம்.

ஒரு துணைச் செய்தி: சிக்னலும் பலகையும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வருபவருக்கு வழிவிடு என்று இந்தியச் சாலை விதியிலும் இருக்கிறது. கடைப்பிடிப்பவரைத்தான் தேட வேண்டும்.

விதிவிலக்குகளும் உண்டு. வீட்டு வாசல், பெட்ரோல் பங்க், மண் பாதை, இவற்றிலிருந்து வெளிவருபவர்கள் வலப்பக்கம் இருந்தாலும் எல்லோருக்கும் வழிவிட வேண்டும். நடைபாதையின் ஓரக்கல்லைத் தரைமட்டத்துக்குத் தாழ்த்தி, அதன்மேல் ஏறி வருவதுபோல் ஒரு தெரு வாய் இருந்தால் அதற்கும் அப்படியே. தெருவும் நடைபாதையும் சேர்ந்து ஒரே தளமாக இருக்கும் 'விளையாட்டுத் தெரு' உண்டு. வீடு, கார், பந்தோடு குழந்தை வரைந்த நீலப் பலகை அதற்கு அடையாளம். உள்ளே நடக்கும் வேகத்தில்தான் ஓட்ட வேண்டும், வெளியே வரும்போது எல்லோருக்கும் வழிவிட வேண்டும். சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்குக்குள் வலப்பக்க விதி தானாகச் செல்லாது. அங்கே இருவரும் பார்த்து, ஒத்துப்போய் நகர வேண்டும் என்று 2022இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நான்கு திசையிலும் ஒரே நேரத்தில் வண்டி வந்தால்? எல்லோருக்கும் வலப்பக்கம் ஒருவர் இருப்பார். அப்போது மட்டும் நம் ஊர்போலத்தான்: ஒருவர் கையசைத்து விட்டுக்கொடுப்பார். கையசைவு தெளிவாகத் தெரியும் வரை நகராதீர்கள்.

பலகை இருக்கும் முனை

நான்கு பலகைகளைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும்படி படித்துக்கொள்ளுங்கள். வெள்ளை விளிம்புள்ள மஞ்சள் நிறச் சாய்சதுரம்: நீங்கள் முன்னுரிமைச் சாலையில் இருக்கிறீர்கள், அது முடிகிறது என்று குறுக்குக்கோடு போட்ட சாய்சதுரம் வரும் வரை ஒவ்வொரு முனையிலும் வழி உங்களுக்கு. சிவப்பு முக்கோணத்துக்குள் தடித்த மேல் நோக்கிய அம்பும் மெல்லிய குறுக்குக்கோடும்: அடுத்த முனையில் மட்டும் வழி உங்களுக்கு, அதோடு சரி. தலைகீழ் முக்கோணம்: வழிவிடு. எண்கோண ஸ்டாப்: சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். யாரும் வரவில்லையே என்று உருட்டிக்கொண்டே போவது நின்றதாகாது.

முதல் இரண்டையும் குழப்பிக்கொள்வது சர்வசாதாரணம். முக்கோணத்தைப் பார்த்து 'இது நம் சாலை' என்று நினைத்து, அதற்கடுத்த முனையில் வலப்பக்கம் வந்தவரின் கதவில் போய் இடிப்பார்கள்.

அடுத்தது வளையும் முன்னுரிமை. முன்னுரிமைச் சாலையே முனையில் இடமாகவோ வலமாகவோ திரும்பும். சாய்சதுரத்துக்குக் கீழே ஒரு சின்ன வெள்ளைப் பலகையில் தடித்த கோடு வளைந்தும் மெல்லிய கோடுகள் கிளையாகவும் வரைந்திருக்கும். தடித்த கோட்டோடு வளைகிறீர்கள் என்றால் இண்டிகேட்டர் போட வேண்டும். நேராகப் போய் முன்னுரிமைச் சாலையை விட்டு இறங்குகிறீர்கள் என்றால் போடக் கூடாது. நம் உள்ளுணர்வு இரண்டாவதில்தான் தடுமாறும்: 'நேராகத்தானே போகிறோம், வழியும் நமக்குத்தான்' என்று தோன்றும். தடித்த கோட்டின் எதிர்முனையிலிருந்து வருபவர் உங்களுக்கு வலப்பக்கம் இருக்கிறார் என்றால் வழி அவருக்கு. முன்னுரிமைச் சாலைக்காரர்கள் இருவருக்குள் மறுபடி வலப்பக்க விதிதான்.

ரவுண்டானாவின் வாயில் பெரும்பாலும் வழிவிடு முக்கோணமும் நீல வட்ட அம்புகளும் சேர்ந்து இருக்கும். சுற்றுபவருக்கு வழி. நுழையும்போது இண்டிகேட்டர் கூடாது, வெளியேறும்போது வலப்பக்கம் கட்டாயம். வெளியேறும் இடத்தில் சாலையைக் கடக்க நிற்பவருக்கு வழிவிட வேண்டும்.

சிக்னல்

சென்னையில் 'ஃப்ரீ லெஃப்ட்' பார்த்துப் பழகிய கால், அங்கே 'ஃப்ரீ ரைட்' எடுக்கப் பார்க்கும். கிடையாது. சிவப்பு என்றால் வலப்பக்கம் திரும்புவதற்கும் சிவப்புதான். மீறினால் குறைந்தது 90 யூரோவும் ஒரு தண்டனைப் புள்ளியும். சிவப்பு விழுந்து ஒரு நொடிக்கு மேல் ஆகியிருந்தால் 200 யூரோ, 2 புள்ளி, ஒரு மாதம் ஓட்டத் தடை. ஒரே விலக்கு, சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் கறுப்புத் தகட்டில் பச்சை அம்பு பொருத்தியிருந்தால். கிழக்கு ஜெர்மனியில் 1978இல் வந்த ஏற்பாடு, 1994இல் நாடு முழுக்கச் சட்டமானது. அங்கும் கோட்டில் முழுதாக நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். இது எரியாத வெறும் தகடு; எரியும் பச்சை அம்பு விளக்கு வேறு.

விளக்குக் கம்பம் பெரும்பாலும் முனையைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்காது, உங்கள் நிறுத்தக் கோட்டின் பக்கத்திலேயே இருக்கும். கோட்டைத் தாண்டி ஒரு மீட்டர் போய் நின்றால் விளக்கே தெரியாது. எப்போது பச்சை விழுந்தது என்று பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். சிவப்புக்குப் பின் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரியும். கியர் போடத்தான் அது, கிளம்புவதற்கு அல்ல. விளக்கு அணைந்திருந்தாலோ மஞ்சள் மட்டும் மின்னினாலோ கம்பத்தில் மாட்டியிருக்கும் பலகை உயிர்பெறும்; பலகையும் இல்லையென்றால் வலப்பக்க விதி.

வட்டப் பச்சையில் இடப்பக்கம் திரும்புபவர் எதிரே வருபவர்களுக்கு வழிவிட வேண்டும். வலப்பக்கம் திரும்பினாலும் அதே நேரத்தில் நேராகப் போகும் சைக்கிள்காரருக்கும் நடப்பவருக்கும் பச்சை எரியும், வழி அவர்களுக்கு. சைக்கிள் பாதை உங்கள் வலப்பக்கத்தில் ஓடுகிறது, அதில் 25 கிலோமீட்டர் வேகத்தில் மின்சைக்கிள் வரும். கண்ணாடியில் பார்த்தது போதாது, தலையைத் திருப்பி வலத்தோளுக்கு மேல் பார்க்க வேண்டும். ஓட்டுத் தேர்வில் இந்த ஒரு தலைத்திருப்பத்தை விட்டுவிட்டால் அதோடு தேர்வு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளை ஓவர்டேக் செய்ய ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் இடைவெளி வேண்டும். இடமில்லையென்றால் பின்னாலேயே போக வேண்டியதுதான்.

வேகம்

ஊர்ப்பெயர் எழுதிய மஞ்சள் பலகைதான் வேகப்பலகை. அதைத் தாண்டியதும் 50, வேறு எண் எழுதத் தேவையில்லை. அதே பெயரின் மேல் சிவப்புக் குறுக்குக்கோடு வந்தால் ஊர் முடிந்தது, 100 வரை போகலாம். கிராமம் கிராமமாகப் போகும் சாலைகளில் அபராதம் விழுவது இங்கேதான். சாலை அகலமாகவே இருக்கும், வீடுகள் தள்ளி இருக்கும், 100இலிருந்து 50க்கு இறங்காமல் ஐம்பது மீட்டர் போனால் கேமரா. '30 மண்டலம்' என்று ஒரு முறை பார்த்தால், எத்தனை தெரு திரும்பினாலும் மண்டலம் முடியும் பலகை வரும் வரை 30தான்.

எண்ணுக்குக் கீழே ஒட்டியிருக்கும் சின்னப் பலகையும் சட்டம். 'பை நேஸ' என்றால் சாலை ஈரமாக இருக்கும்போது மட்டும். '22–6' என்றால் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை. கேமராவின் அளவில் 100க்குக் கீழ் 3 கிலோமீட்டரும் அதற்கு மேல் 3 சதவீதமும் கழிப்பார்கள். மீதியில் ஊருக்குள் 10 வரை மீறினால் 30 யூரோ, 11 முதல் 15 வரை 50, 16 முதல் 20 வரை 70. 21ஐத் தொட்டால் 115 யூரோவோடு ஒரு புள்ளி. 8 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் போகும். வாடகைக் கார் என்றால் நிறுவனம் உங்கள் முகவரியை அதிகாரிகளுக்குக் கொடுத்துவிட்டு அதற்கென்று தனிக் கட்டணமும் பிடிக்கக்கூடும். கேமரா இருக்கும் இடம் சொல்லும் ஆப்பை ஓட்டுநர் பயன்படுத்துவதும் குற்றம். ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால் 100 யூரோ, ஒரு புள்ளி.

ஆட்டோபான்

வேக வரம்பு இல்லாத நீளங்கள் உண்மைதான், ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. 130 என்பது பரிந்துரை. ஐந்து சாய்ந்த கறுப்புக் கோடுகள் போட்ட வெள்ளை வட்டம் வந்தால் அதற்கு முன் இருந்த கட்டுப்பாடுகள் முடிந்தன என்று பொருள். புதியவருக்கு நல்ல வேகம் 110, 120. லாரிகள் 80இல் ஓடும் வலது லேனில் போய்க்கொண்டே இருக்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நுழையும்போது முடுக்கு லேனை முழு நீளத்துக்கும் பயன்படுத்துங்கள். பயத்தில் அதன் முடிவில் நின்றுவிடுவதுதான் மிக மோசமான தவறு; நின்ற இடத்திலிருந்து 100இல் ஓடும் ஓட்டத்தில் சேர முடியாது. வழி உள்ளே ஓடுபவர்களுக்குத்தான். மூன்றாம் கியரில் அழுத்தி, 80, 90 எட்டியதும் கண்ணாடி, தோள் பார்வை, இண்டிகேட்டர், உள்ளே.

எப்போதும் வலது லேன். இடப்பக்கம் ஏறுவது ஓவர்டேக் செய்ய மட்டும், முடிந்ததும் திரும்பி வந்துவிட வேண்டும். வலப்பக்கமாக ஓவர்டேக் செய்தால் 100 யூரோவும் ஒரு புள்ளியும். இடது லேன் நெரிசலில் நின்றுவிட்டாலோ 60க்குக் கீழ் ஊர்ந்தாலோ மட்டும், அவர்களைவிட அதிகபட்சம் 20 கூடுதலாக வலப்பக்கம் மெதுவாகக் கடக்கலாம்.

இடது லேனுக்கு மாறும் முன் ஒரு கணக்கு. நீங்கள் 110இல் போகிறீர்கள், பின்னால் ஒருவர் 200இல் வருகிறார். வித்தியாசம் 90, அதாவது நொடிக்கு 25 மீட்டர். கண்ணாடியில் 300 மீட்டர் தூரத்தில் சின்னப் புள்ளியாகத் தெரிபவர் 12 நொடியில் உங்கள் முதுகில் இருப்பார். லாரியைத் தாண்டி வலப்பக்கம் திரும்ப உங்களுக்கும் அவ்வளவு நேரம் ஆகும். ஆகவே கண்ணாடியை ஒரு முறை பார்த்தால் போதாது. இரண்டு நொடி இடைவெளியில் இரு முறை பாருங்கள். இரண்டாவது பார்வையில் புள்ளி பெரிதாகியிருந்தால் அவரை விட்டுவிட்டுக் கிளம்புங்கள். பின்னால் வந்து ஒருமுறை லைட் அடித்தால் திட்டுகிறார் என்று எண்ண வேண்டாம். ஊருக்கு வெளியே ஓவர்டேக் செய்யப்போவதைச் சொல்ல அது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட சைகை. ஊருக்குள் லைட் அடித்தால் பெரும்பாலும் 'நீ போ' என்று அர்த்தம். நம் ஊரில் 'நான் வருகிறேன், நில்' என்பதன் நேர் எதிர். அதை மட்டும் நம்பி வண்டியை எடுக்காதீர்கள், வேறு யாருக்காவது அடித்திருக்கலாம். 'சவுண்ட் ஹாரன்' என்று எழுதிய லாரிகளின் பின்னால் வளர்ந்த நமக்கு, ஹாரனை ஆபத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது தனிப் பயிற்சி.

முன் வண்டிக்கு இடைவெளி, ஸ்பீடோமீட்டர் காட்டும் எண்ணில் பாதி மீட்டர்: 130க்கு 65. சாலையோரத்தில் கறுப்பு வெள்ளையாக நிற்கும் குட்டைக் கம்பங்கள் 50 மீட்டருக்கு ஒன்று, அதை வைத்து அளந்துகொள்ளலாம். பாலத்தின் மேலிருந்து இடைவெளியையும் கேமராவில் அளக்கிறார்கள். மூடுபனியில் அடுத்த கம்பம் தெரியவில்லையென்றால் 50க்கு மேல் போகக் கூடாது. பின்பக்கப் பனிவிளக்கைப் போட அப்போதுதான் அனுமதி.

போக்குவரத்து நடை வேகத்துக்கு இறங்கியதும், நிற்கும் வரை காத்திராமல், 'ரெட்டுங்ஸ்காஸ' அமைக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கான சந்து அது. இடக்கோடி லேனில் இருப்பவர்கள் இடப்பக்க ஓரத்துக்கு, மற்ற எல்லா லேனும் வலப்பக்கத்துக்கு. வலக்கையை முன்னால் விரித்துப் பாருங்கள்: கட்டைவிரல் இடக்கோடி லேன், மற்ற விரல்கள் மீதி லேன்கள், இடையில் இருப்பதுதான் சந்து. சைரன் கேட்ட பிறகு ஒதுங்கலாம் என்று இருந்தால் நெரிசலில் திருப்ப இடமிருக்காது. அமைக்காதவருக்கு 200 யூரோ, 2 புள்ளி, ஒரு மாதத் தடை. முன்னால் ஆம்புலன்ஸ் போனபின் அதன் வாலைப் பிடித்துப் போகும் நம் ஊர் வித்தை அங்கே இன்னும் பெரிய குற்றம்.

லேன் குறையும் இடத்தில் வெகு முன்பே ஒதுங்க வேண்டாம். முடிகிற லேனின் கடைசி வரை போய், ஜிப்பின் பற்கள்போல ஒன்றுக்கு ஒன்று சேர வேண்டும். கடைசி வரை போவது குறுக்கே புகுவதாகாது, அதுதான் விதி.

வண்டி நின்றுபோனால் வரிசை இது: வலக்கோடியில் நிறுத்தி ஹஸார்டு விளக்கு, இறங்கும் முன்பே எச்சரிக்கை மேல்சட்டை, வலப்பக்கக் கதவு வழியாக எல்லோரும் இறங்கி இரும்புத் தடுப்புக்குப் பின்னால், தடுப்பின் பின்பக்கமாகவே நடந்து மூன்று குட்டைக் கம்பங்கள், அதாவது 150 மீட்டராவது, பின்னால் போய் முக்கோணம், அதன்பின் போன். முக்கோணம், முதலுதவிப் பெட்டி, மேல்சட்டை மூன்றும் வண்டியில் இருக்க வேண்டியது சட்டம். மேல்சட்டை டிக்கியில் சாமான்களுக்கு அடியில் கிடந்தால் பயனில்லை, சீட்டுக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். பெட்ரோல் தீர்ந்து நிற்பதும் அபராதத்துக்குரியது, தவிர்த்திருக்கக்கூடியது என்பதால். வழி தவறினால் அடுத்த வெளியேறும் வழி வரை போய்த்தான் திரும்ப வேண்டும். பின்னால் எடுப்பது பெரும் குற்றம்.

பஸ்ஸும் பனியும்

ஹஸார்டு விளக்கு மின்னிக்கொண்டே நிறுத்தத்தை நெருங்கும் பஸ்ஸை ஓவர்டேக் செய்யக் கூடாது. நின்றபின் நடை வேகத்தில் கடக்கலாம். நடுவில் பிரிப்பு இல்லாத சாலையில் எதிர்த்திசையில் வருபவருக்கும் அதே நடை வேகம். நிறுத்தத்திலிருந்து இண்டிகேட்டர் போட்டுக் கிளம்பும் பஸ்ஸுக்கு வழிவிட வேண்டும். ட்ராமிலிருந்து பயணிகள் நேராகச் சாலையில் இறங்கினால் அவர்கள் ஓரம் சேரும் வரை நில்லுங்கள். ஜீப்ரா கிராஸிங் ஓரத்தில் ஒருவர் நின்றாலே நிற்க வேண்டும்.

பனி, உறைபனி, பனிச்சேறு இருக்கும் சாலையில் குளிர்கால டயர் கட்டாயம். தேதிக் கணக்கு கிடையாது, சாலையின் நிலைதான் கணக்கு. மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் வரைந்த குறி டயரில் இருக்க வேண்டும். 'சேறும் பனியும்' என்பதைக் குறிக்கும் எம்+எஸ் எழுத்து மட்டும் 2024 அக்டோபர் முதல் போதாது. 12 வயதுக்குக் கீழும் 150 சென்டிமீட்டருக்குக் குறைவாகவும் இருக்கும் குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டும். மடியில் வைத்துக்கொள்வது பேச்சுக்கே இடமில்லை.

நிறுத்தும்போது

மூன்று நிமிடத்துக்கு மேல் நின்றாலோ வண்டியை விட்டு நகர்ந்தாலோ அது பார்க்கிங். நீல வட்டத்தில் சிவப்புப் பெருக்கல் குறி என்றால் நிற்கவே கூடாது. ஒற்றைக் கோடு என்றால் மூன்று நிமிடம் வரை நிற்கலாம், ஆள் ஏற்றி இறக்கவும் சாமான் ஏற்றி இறக்கவும் தேவையான நேரம் நிற்கலாம். வலப்பக்க ஓரத்தில், போகும் திசையைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். முனையிலிருந்து 5 மீட்டர் விடுங்கள், வலப்பக்கம் சைக்கிள் பாதை இருந்தால் 8.

நீலப் பலகையில் கடிகார முகம் வரைந்திருந்தால் 'பார்க்‌ஷைப' வேண்டும். வந்த நேரத்தைக் காட்டும் நீல அட்டை, பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும். முள்ளை வந்த நேரத்துக்கு அடுத்த அரை மணிக்கு வைக்க வேண்டும்: 10.05க்கு வந்தால் 10.30. அது உங்களுக்குச் சட்டம் தரும் சலுகை. நேரம் முடிந்தபின் வந்து முள்ளை மட்டும் தள்ளி வைப்பது செல்லாது. பச்சைச் சுற்றுச்சூழல் ஸ்டிக்கர் கேட்கும் நகர மையங்கள் இன்னும் உண்டு. ஜெர்மனியில் பதிவான வாடகைக் காரில் பெரும்பாலும் ஒட்டியிருக்கும். பக்கத்து நாட்டிலிருந்து வண்டி கொண்டுவந்தால் கண்ணாடியைப் பாருங்கள். இல்லையென்றால் 100 யூரோ.

கடைசியாக, சிறு உரசல். நிறுத்தியிருக்கும் ஒரு காரை எடுக்கும்போது பக்கத்துக் கார்மேல் கீறிவிட்டீர்கள், உரிமையாளர் இல்லை. வைப்பருக்கு அடியில் பெயரும் எண்ணும் எழுதிச் செருகிவிட்டுப் போவது நேர்மையான காரியம் என்று தோன்றும். ஜெர்மன் சட்டத்தில் அது விபத்து இடத்தைவிட்டு ஓடியதாகவே கணக்கு. அபராதம் முதல் 3 ஆண்டுச் சிறை வரை போகக்கூடிய குற்றம், லைசென்ஸும் போகலாம். அங்கேயே நியாயமான நேரம் காத்திருங்கள், அரை மணியாவது. யாரும் வராவிட்டால், அல்லது காத்திருக்க முடியாவிட்டால், போலீஸ் எண்ணான 110ஐ அழைத்து இடத்தையும் இரண்டு வண்டிகளின் எண்ணையும் சொல்லுங்கள். போலீஸ் வந்து பதிவு செய்து எண் கொடுக்கும் வரை வண்டியை நகர்த்தாதீர்கள். வாடகைக் கார் என்றால் அந்தப் பதிவு எண் இல்லாமல் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம். காயம் பட்டிருந்தால் முதலில் ஆம்புலன்ஸுக்கு 112.